கூடைக்குள் கிடக்கும் லண்டன்

பெரிய பெயர் பொறித்த புகைபிடிக்கும் பைப்புகளின் விலை நூற்றுக்கணக்கான டாலர்கள். அதே பட்டறைகளில் கடையப்பட்டு, உள்ளூர்க் கடையின் பெயரில் விற்கப்பட்ட பைப்புகளோ இன்னும் ஐம்பது டாலருக்குள் கிடைக்கின்றன. தேடிப் பிடிக்க ஒரு பூதக்கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சிகாகோ நகரின் வபாஷ் அவென்யூவில் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ரயில் ஓடுகிறது. அந்தத் தடதடப்புக்கு நடுவே, அமெரிக்கக் கட்டடக் கலையின் பெரிய பெயர்களான ஆட்லரும் சல்லிவனும் 1880களில் உருவாக்கிய கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கிறது ‘இவான் ரீஸ் அண்ட் கோ’ என்ற புகையிலைக் கடை. கடை தொடங்கிய ஆண்டு 1857, இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்த அதே வருடம். 1871-ல் சிகாகோவின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிய பெருந்தீ, இரண்டு உலகப் போர்கள், புகையிலைக்கு எதிரான சட்டங்கள் எல்லாவற்றையும் தாண்டி, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவரும் கடை இது.

இந்த மாதிரிக் கடைகளுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஒரு வகையினர் நேராகக் கண்ணாடி அலமாரிக்குப் போவார்கள். வெள்ளைப் புள்ளி வைத்த டன்ஹில் பைப்புகள் அங்கேதான் இருக்கும். புதிதாக வாங்கினால் ஒன்றுக்கே பல நூறு டாலர் ஆகும். இன்னொரு வகையினர் பழைய பைப்புகள் இருக்கும் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது பைப்பின் காம்பில் அழுத்தப்பட்டிருக்கும் பொடி எழுத்துகளை. ஒரு நாட்டின் பெயர், ஒரு வடிவ எண், சில சமயம் ஓர் எழுத்து. அவை சொல்லும் செய்தியைப் பொறுத்து, நாற்பது டாலர் பைப் ஒன்று நூற்றைம்பது டாலர் பைப்பின் உடன்பிறப்பாக மாறிவிடும்.

ஒரு வேர், மூன்று நாடு

இந்த வித்தை ஏன் பலிக்கிறது என்று புரிய, பைப் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடிக்கு, தரைக்கும் வேருக்கும் நடுவே ஒரு முண்டு உருவாகும். பல பத்தாண்டுகள் வளர்ந்து இறுகிய அந்த முண்டுதான் பிரையர் மரம். கோர்சிகா, கலாப்ரியா, சார்டினியா, அல்ஜீரியா, கிரீஸ் மலைகளில் அதைத் தோண்டி எடுத்து, துண்டுகளாக அறுத்து, மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். அப்படிப் பக்குவப்பட்ட கட்டை, உள்ளே நெருப்பு கனன்றாலும் எளிதில் கருகாது. வேறு பல மரங்களைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் கடைசியில் இதற்கே திரும்பி வந்தார்கள்.

பிரான்சின் ஜூரா மலைப் பகுதியில் உள்ள செயின்ட் குளோட் என்ற சிற்றூர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கட்டையைக் கடையத் தொடங்கியது. அதற்கு முன்பே ஜெபமாலை மணிகளும் மூக்குப்பொடி டப்பாக்களும் கடைந்து கைதேர்ந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். சீக்கிரமே உலகின் பைப் தலைநகரம் என்ற பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே பைப் செய்துவந்த கோமாய் குடும்பத்தின் ஆன்ரி கோமாய், 1879-ல் லண்டனுக்கு வந்து பட்டறை போட்டார். பாரிசில் 1850-ல் மூன்று பேர் கூடித் தொடங்கிய ஜி.பி.டி. நிறுவனமும் பின்னாளில் லண்டன்காரர்கள் கைக்கு வந்தது. கட்டை ஒரு நாட்டில், கடைசல் இன்னொரு நாட்டில், முத்திரை மூன்றாவது நாட்டில் என்று இந்தத் தொழில் ஆரம்பத்திலிருந்தே எல்லை தாண்டித்தான் நடந்தது.

இதில்தான் உள்ளூர்க் கடைகள் நுழைகின்றன. பாஸ்டனில் 1870-ல் தொடங்கிய எல்.ஜே. பெரெட்டி, ஹார்வர்டு பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே 1883-ல் தொடங்கிய லெவிட் அண்ட் பியர்ஸ், வாஷிங்டனில் 1887-ல் தொடங்கிய டபிள்யூ. கர்ட்டிஸ் டிரேப்பர் என்று ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் ஒரு புகையிலைக் கடை அடையாளமாக இருந்தது. கடைக்கென்று தனிப் புகையிலைக் கலவை இருக்கும். கடைக்கென்று தனிப் பைப்பும் இருக்கும். ஆனால் கடைக்காரர் பைப் கடைந்தவர் இல்லை. லண்டனுக்கோ செயின்ட் குளோடுக்கோ ஆர்டர் கொடுப்பார். பட்டறைக்காரர்கள் தங்கள் வழக்கமான வடிவங்களில் பைப் செய்து, காம்பில் கடையின் பெயரை அழுத்தி அனுப்புவார்கள். ஹாரட்ஸ் போன்ற லண்டனின் பெரிய அங்காடிகளும் இதையே செய்தன.

கடைப் பெயர் அந்த ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் மறுவிற்பனையில் விலை ஏறாது. மலிவாகச் சேகரிக்க நினைப்பவர்களுக்குச் சாதகமான இடம் இதுதான்.

காம்பில் எழுதியிருக்கும் ஜாதகம்

ஷெர்லக் ஹோம்ஸ் 1887-ல் வெளிவந்த தன் முதல் நாவலிலேயே, தரையில் சிதறிக் கிடந்த சாம்பலை வைத்து அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுபிடிப்பார். பழைய பைப் சேகரிப்பாளர்கள் செய்வதும் அதே வேலைதான். (சினிமாவிலும் கேலிச்சித்திரங்களிலும் ஹோம்ஸ் வாயில் தொங்கும் வளைந்த சுரைக்காய்ப் பைப், கானன் டாயிலின் கதைகள் எதிலும் கிடையாது என்பது இவர்களுக்குப் பிடித்தமான துணுக்கு.)

முதலில் பார்ப்பது நாட்டின் பெயரை. ‘மேட் இன் லண்டன்’ என்ற சொற்கள் வட்டமாகவும், அதற்குக் கீழே ‘இங்கிலாந்து’ என்பது நேர்கோட்டிலும் இருந்தால், அது பெரும்பாலும் கோமாய் பட்டறையின் வேலை. மேலே எந்தக் கடையின் பெயர் இருந்தாலும் சரி, இந்த வட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வடிவ எண். ஒவ்வொரு பட்டறையும் தன் வடிவங்களுக்குத் தனி எண் வைத்திருந்தது. ஜி.பி.டி.யின் 9438 என்ற எண் சேகரிப்பாளர்களிடையே பிரசித்தம்: குட்டையான, பருத்த கிண்ணம் கொண்ட ‘ரொடீஷியன்’ வடிவம். பெயர் தெரியாத ஏதோ ஒரு கடையின் முத்திரையோடு, அதே உருவமும் அதே எண்ணும் கொண்ட பைப் ஒன்று தட்டில் கிடந்தால், தெரிந்தவர் விலையைக் கேட்காமலே கையில் எடுத்துக்கொள்வார்.

வெள்ளி வளையம் இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் வெள்ளிக்குச் சோதனைச் சாலை முத்திரை கட்டாயம். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். பக்கத்தில் இருக்கும் ஓர் ஆங்கில எழுத்து, எந்த ஆண்டு என்று சொல்லிவிடும். 1812-லேயே தொடங்கிய பார்லிங் நிறுவனம் அடிப்படையில் வெள்ளி வேலைக்காரர்களின் குடும்பம் என்பதால், அவர்களுடைய பழைய பைப்புகளின் வயதை இந்த வளையத்தை வைத்தே பலர் கணிக்கிறார்கள்.

டன்ஹில் பைப்புகளில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. 1907-ல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், சில ஆண்டுகளில் சொந்தமாகப் பைப் செய்ய ஆரம்பித்தார். காம்பில் ‘இங்கிலாந்து’ என்பதை அடுத்துச் சிறியதாக ஓர் எண்ணை அழுத்துவது அவர்கள் வழக்கம். 1961-ல் செய்ததற்கு 1, 1970-ல் செய்ததற்கு 10, 1980-ல் செய்ததற்கு 20. தெரியாதவர் அதை வடிவ எண் என்று நினைத்துக் கடந்துபோவார்.

அயர்லாந்தின் பீட்டர்சன் பைப்புகளில் அந்த நாட்டின் அரசியல் வரலாறே பதிந்திருக்கிறது. ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்று இருந்தால் 1922-க்கும் 1930களின் இறுதிக்கும் நடுவில் செய்தது; ‘எய்ரே’ என்றால் அதற்குச் சற்றுப் பிந்தையது; ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்றால் குடியரசு ஆன 1949-க்குப் பிறகு. இந்த நிறுவனத்தின் கதையும் சுவாரசியமானது. ஜெர்மனியின் நூரம்பெர்கிலிருந்து வந்த காப் சகோதரர்கள் டப்ளினில் கடை வைக்க, லாட்வியாவிலிருந்து வந்த சார்லஸ் பீட்டர்சன் அவர்களோடு சேர்ந்துகொண்டார். புகையோடு வரும் ஈரத்தைத் தேக்கிவைக்கச் சிறு குழி கொண்ட ‘சிஸ்டம்’ பைப்புக்கு அவர் 1890-ல் காப்புரிமை பெற்றார்.

பீட்டர்சனில் ஒரு பொறியும் இருக்கிறது. விலை குறைந்த நிக்கல் வளையங்களிலும் மூவிலைக் க்ளோவர், வேட்டைநாய், வட்டக் கோபுரம் என்று மூன்று சின்னங்கள் வரிசையாக இருக்கும். பார்த்தால் வெள்ளி முத்திரை போலவே தெரியும். அது வெறும் அலங்காரம். புதிதாக வருபவர்கள் நிக்கலுக்கு வெள்ளி விலை கொடுப்பது பெரும்பாலும் இங்கேதான்.

தேறாதவை தேறிய கதை

பிரையர் கட்டையை அறுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாதி கடைந்த பிறகு ஒரு சின்னக் குழியோ மண் துணுக்கோ வெளியே வரும். மாசு மறுவில்லாமல், நெருப்பு நாக்குப் போல நேர்வரிகள் ஓடும் கட்டை அபூர்வம். மற்றவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விடை கண்டுபிடித்தது.

டன்ஹில் 1917-ல் மணல் வீசிச் சொரசொரப்பாக்கும் ‘ஷெல்’ முறைக்குக் காப்புரிமை வாங்கியது. மென்மையான பகுதி தேய்ந்து, வரிகள் மேடு பள்ளமாக எழுந்து நிற்க, அதுவே ஓர் அழகானது. தங்கள் தரத்துக்கு எட்டாத கிண்ணங்களை விற்க 1922-ல் பார்க்கர் என்ற தனி நிறுவனமும் உருவானது. கோமாய் பட்டறையிலிருந்து ‘கில்டுஹால்’ வந்தது. வாய்த்தண்டில் மூன்று உலோகக் கோடுகள் பதித்திருக்கும். டென்மார்க்கின் ஸ்டான்வெல்லுக்கு ‘ராயல் டேனிஷ்’. அமெரிக்காவில் கேவுடி பைப்புகளைச் செய்த கே.பி. அண்ட் பி. நிறுவனம், 1932-ல் ‘யெல்லோ போல்’ என்ற மலிவு ரகத்தை இறக்கியது. உலகப் பொருளாதார வீழ்ச்சி உச்சத்தில் இருந்த நேரம் அது. கிண்ணத்தின் உட்புறத்தில் தேன் கலந்த பூச்சு ஒன்றைத் தடவி, புதுப் பைப்பின் கசப்பு தெரியாது என்று விளம்பரம் செய்தார்கள்.

சிகாகோவின் லிங்க்மன் நிறுவனம் இன்னொரு வழி பிடித்தது. பால் கிராபோ என்ற உள்ளூர் மருத்துவரின் பெயரை வாங்கி ‘டாக்டர் கிராபோ’ என்று பைப்புக்குச் சூட்டியது. டாக்டர் பெயர் இருந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இயந்திரத்தை வைத்து முன்கூட்டியே புகைத்துப் பழக்கிய பைப் என்றும் சொல்லி விற்றார்கள்.

சிறு குழிகளை மூட மக்கு வைத்துத் தேய்த்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அது இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அலமாரியில் வைத்து அழகு பார்க்க நினைப்பவருக்கு அது குறை. விலையைப் பார்ப்பவருக்கு அதுவே வரம். கல்லாவுக்குப் பக்கத்தில் கூடையில் கொட்டி வைத்திருக்கும் பெயரற்ற பைப்புகளில் பெரும்பாலானவை இப்படி மக்கு வைத்தவைதான். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றைக் கூடைப் பைப் என்றே அழைக்கிறார்கள்.

இந்தக் கூடைகளில் எப்போதாவது போர்க்காலத்துப் பிள்ளைகளும் தட்டுப்படும். இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டதும் அமெரிக்காவுக்குப் பிரையர் வரத்து நின்றுபோனது. கலிஃபோர்னியாவில் வளரும் மன்சனிட்டா புதரின் முண்டை வெட்டி ‘மிஷன் பிரையர்’ என்று பெயர் வைத்தார்கள். கிழக்கு மாநிலங்களின் மலை லாரல் வேரையும் கடைந்து பார்த்தார்கள். போர் முடிந்து உண்மையான பிரையர் திரும்பி வந்ததும் அவை மறைந்துவிட்டன. இன்று அப்படி ஒன்று கிடைத்தால், அது ஒரு தட்டுப்பாட்டின் சாட்சியம். விலையோ இப்போதும் சொற்பம்.

நூறு டாலரில் என்ன கிடைக்கும்?

சந்தை நிலவரம் நாளுக்கு நாள் மாறும் என்றாலும் பொதுவான படிநிலை ஒன்று உண்டு. பழைய டாக்டர் கிராபோவும் யெல்லோ போலும் பெரும்பாலும் இருபது, முப்பது டாலரில் முடியும். கேவுடியும் கடைப்பெயர் பைப்புகளும் அதற்கு ஒரு படி மேலே. பீட்டர்சனும் கோமாயும் அறுபதிலிருந்து நூற்றைம்பதுவரை போகும். டன்ஹில் என்றால் இருநூறுக்குக் கீழே நல்ல நிலையில் கிடைப்பது அரிது. ஆக, ஒரு நூறு டாலர் நோட்டோடு கடைக்குள் நுழைபவர், கொஞ்சம் விவரம் தெரிந்தவரானால் இரண்டு மூன்று பைப்புகளோடு வெளியே வரலாம்.

விலையைத் தீர்மானிப்பது வயது மட்டும் இல்லை. முத்திரை தெளிவாக இருக்கிறதா, வாய்த்தண்டு அதே பைப்போடு பிறந்ததா, காம்பில் விரிசல் உண்டா, கிண்ணத்தின் உட்சுவர் கருகி ஓட்டை விழும் நிலையில் இருக்கிறதா என்பவை முக்கியம். விரல் நுனியைக் கிண்ணத்துக்குள் விட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள். ஒரு பஞ்சுக்கம்பியை வாய்த்தண்டு வழியாக நுழைத்துப் பார்ப்பார்கள். அது தடங்கலின்றிக் கிண்ணத்தின் அடிக்கு வந்து சேர்ந்தால் துளை சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாய்த்தண்டு இறுகியிருந்தால் கடையிலேயே முறுக்கிக் கழற்றக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்தால் ரப்பர் சுருங்கித் தானாக இளகும்.

பச்சையிலிருந்து கறுப்புக்கு

பழைய பைப்பை முதலில் பார்ப்பவருக்கு அருவருப்புத் தோன்றுவது நியாயம்தான். வாய்த்தண்டு பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும். கிண்ணத்தின் விளிம்பில் தார் கட்டிக் கறுத்திருக்கும். உள்ளே கரி அப்பியிருக்கும்.

வாய்த்தண்டு வல்கனைட்டால் ஆனது, அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் காற்றும் பட்டால் கந்தகம் மேலே வந்து நிறத்தைக் கெடுக்கும். நீரில் நனைத்த உப்புத்தாளால், சொரசொரப்பானதில் தொடங்கி மிக நைசானதுவரை படிப்படியாகத் தேய்த்தால், அடியிலிருந்து பளபளப்பான கறுப்பு வெளிவரும். பல் பதிந்த தடங்களுக்கு வேறு வைத்தியம். இளஞ்சூட்டில் காட்டினால், வல்கனைட் தன் பழைய உருவத்தை நோக்கித் திரும்பும்; பள்ளங்கள் பாதி தானாகவே எழுந்துவிடும்.

கிண்ணத்துக்குள் இருக்கும் கரியை முழுக்கச் சுரண்டிவிடக் கூடாது. ஒரு நாணயத்தின் கனத்துக்கு விட்டுவைத்தால் அது மரத்துக்குக் கவசம். முந்தையவர் புகைத்த புகையிலையின் வாடையை எடுக்க, கிண்ணத்தில் பஞ்சையோ கல்லுப்பையோ நிரப்பி, ஆல்கஹாலை விட்டு இரவு முழுக்க வைப்பார்கள். காலையில் அது காப்பி நிறத்தில் இருக்கும். மரத்தில் அடிபட்ட பள்ளத்துக்கு ஈரத்துணி வைத்துச் சூடான இரும்பால் ஒற்றினால், ஆவி ஏறி மரநார் உப்பி மேடாகும். கடைசியில் கார்னூபா மெழுகு பூசிச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றுவது. ஆர்வக்கோளாறு ஆட்கள் நஷ்டப்படும் கட்டமும் இதுதான். காம்பைச் சக்கரத்தில் அழுத்திவிட்டால் எழுத்துகள் தேய்ந்துபோகும். முத்திரை போன பைப் பளபளவென்று இருக்கும்; யார் செய்தது என்று நிரூபிக்க வழி இருக்காது.

இவ்வளவு பைப்புகள் எங்கிருந்து வந்தன?

1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, சிகரெட் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று அறிவித்தது. பயந்துபோன பலர் சிகரெட்டை விட்டுவிட்டுப் பைப்புக்குத் தாவினார்கள். பைப் கடைகளுக்குச் சில ஆண்டுகள் கொண்டாட்டம். வாங்கியவர்களில் பலருக்கு அதைப் பற்றவைத்து அணையாமல் காப்பாற்றும் பொறுமை இல்லை. நாலு தடவை புகைத்து மேஜை இழுப்பறையில் போட்டார்கள். அந்தத் தலைமுறையின் வீடுகள் காலி செய்யப்படும்போது, அதிகம் புகைக்கப்படாத அந்தப் பைப்புகள் டப்பா டப்பாவாக வெளியே வருகின்றன.

பைப்புக்குப் போனால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் பொய்த்துப்போனது. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களுக்குப் பைப்பும் காரணம் என்பது மருத்துவ உலகம் உறுதிசெய்த விஷயம். பிரிட்டனில் பிரதமர் ஹரால்டு வில்சன் 1965-ல் பெற்ற ‘ஆண்டின் சிறந்த பைப்காரர்’ விருது, 2003-ல் நடிகர் ஸ்டீபன் ஃப்ரையோடு முடிந்துபோனது. அயர்லாந்தில் 2004-லும் இங்கிலாந்தில் 2007-லும் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. இன்று ஒரு பைப்பைக்கூடப் பற்றவைக்காமல், மரத்துக்காகவும் வேலைப்பாட்டுக்காகவும் மட்டும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைகளும் குறைந்துவருகின்றன. லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் 1869-லிருந்து இருந்த ஜி. ஸ்மித் அண்ட் சன்ஸ் இப்போது இல்லை. மூடும் கடைகளில் விற்காமல் தங்கிய பைப்புகள், ஒரு முறைகூட நெருப்புப் படாமல், அறுபது ஆண்டு பழைய அட்டைப் பெட்டியோடு வெளியே வருவதுண்டு. அப்போது பைப்போடு சேர்த்து இன்னொன்றுக்கும் போட்டி நடக்கிறது: கடை அச்சிட்ட பழைய விலைப்பட்டியல்கள். நியூயார்க்கின் வாலி ஃப்ராங்க், சிகாகோவின் இவான் ரீஸ் போன்றவர்கள் தபால் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய படம் போட்ட கேட்லாக்குகளைச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். எந்தக் கடைப்பெயரில் எந்த வடிவம், எந்த வருடம், என்ன விலைக்கு விற்றது என்பது அவற்றில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பட்டறைகளின் வடிவ எண் பட்டியலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இந்தக் கடையின் பைப் இன்ன பட்டறையில் பிறந்தது என்று ஒவ்வொன்றாக எழுதிவைக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. எழுதி முடிக்கப்படாத கடைப்பெயர்கள் இன்னும் நிறைய இருப்பதால், கூடையில் விலையும் இன்னும் ஏறவில்லை.